பூங்காக் குளத்தில் காட்டு வாத்துகள்: ஒரு செய்முறைப் பதிவு

காட்டு வாத்தைப் படமெடுக்க விரும்புகிறவர் கேமராவைத் தொடுவதற்கு முன்பு பைனாகுலரோடும் குறிப்பேட்டோடும் குளக்கரையில் சில வாரங்களாவது உட்கார வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாத்து தான் அடுத்துச் செய்யப்போவதைச் சில நொடிகளுக்கு முன்பே கழுத்தாலும் வாலாலும் தெரிவித்துவிடுகிறது. அந்த அறிகுறிகளுக்குக் கண் பழகிவிட்டால் சாதாரண லென்ஸ் வைத்திருப்பவருக்கும் நல்ல படம் கிடைக்கும். பழகாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியாக இருந்தாலும் தெறித்த நீர் அடங்கிய பிறகுதான் விரல் பொத்தானை அழுத்தும். எங்கள் பூங்காவின் குளத்தில் எல்லாப் பருவங்களிலும் வாத்துகளைக் கவனித்தும் படமெடுத்தும் வந்ததில் எனக்குக் கைகொடுத்த முறைகளை, அவற்றின் காரணங்களோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை, குளத்தில் இருப்பவை எவை என்று பிரித்தறிவது. நீரில் மிதப்பதெல்லாம் வாத்து அல்ல. வெள்ளை நெற்றியும் கரிய உடலும் கொண்ட நாமக்கோழி, சிவந்த அலகின் நுனியில் மஞ்சள் கொண்ட தாழைக்கோழி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூழ்கி வேறோர் இடத்தில் எழும் முக்குளிப்பான் ஆகியவை வாத்துகளோடு சேர்ந்தே மேய்ந்தாலும் வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. பூங்காக்களில் அடிக்கடி காணப்படும் வெள்ளை வாத்துகளோ வளர்ப்பு வாத்துகள். மஸ்கோவி இனத்தைத் தவிர, உலகின் வளர்ப்பு வாத்து வகைகள் யாவும் மல்லார்ட் என்னும் பச்சைத்தலைக் காட்டு வாத்தின் வழிவந்தவை. ஆகவே இரண்டும் ஒரே குளத்தில் கூடும்போது கலப்பினக் குஞ்சுகள் பிறப்பதும் இயல்பே. ஆண் மல்லார்டின் வாலின் மேல் சுருண்டு நிற்கும் கரிய இறகுகள் வளர்ப்பு ஆண் வாத்துகளிடமும் அப்படியே இருப்பதைப் பார்த்தால் இந்த உறவு கண்ணெதிரே தெரியும். மல்லார்டின் தலை நிறம் இருந்தும் மார்பில் ஒழுங்கில்லாத வெள்ளைத் திட்டும் பருத்த வயிறும் உள்ள பறவையைக் கண்டால், நான் அதைக் கலப்பினம் என்றே குறித்துக்கொள்கிறேன்.

அடுத்து, மேயும் முறையை வைத்து வாத்துகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். மல்லார்ட், ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை போன்றவை நீரின் மேற்பரப்பை அலகால் அலசியும், தலைகீழாகக் கவிழ்ந்து வாலை மேலே நீட்டியும் உண்பவை. போச்சார்ட் போன்றவை முழுவதுமாக மூழ்கி அடியில் உள்ள தாவரங்களையும் சிற்றுயிர்களையும் தேடுபவை. மூழ்கும் வாத்துகளுக்குக் கால்கள் உடலின் பின்பக்கம் தள்ளி அமைந்திருக்கின்றன. உடல் எடைக்குச் சிறகும் சிறியது. அதனால் அவை நீரின்மேல் நெடுந்தூரம் ஓடித்தான் காற்றில் ஏற முடியும். மேற்பரப்பில் மேய்பவையோ ஓட்டமே இல்லாமல் நின்ற இடத்திலிருந்து நேராக எம்பிவிடும். படமெடுப்பவருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது: மல்லார்ட் எழும்பப்போகிறது என்றால் சட்டகத்தில் பறவைக்கு மேலே இடம் விட வேண்டும்; போச்சார்ட் எழும்பப்போகிறது என்றால் முன்னே இடம் விட்டு, அதன் ஓட்டத்தோடு கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். மூழ்கிய வாத்து பெரும்பாலும் அரை நிமிடத்திற்குள் மேலே வந்துவிடும் என்பதால், அது மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிராமல் அதுவரை அது நகர்ந்து வந்த திசையில் லென்ஸைத் திருப்பிக் காத்திருப்பது பலன் தரும்.

கவனிப்புக்கு 8 மடங்கு பெருக்கமும் 42 மி.மீ. முகப்பு வில்லையும் கொண்ட பைனாகுலரையே பயன்படுத்துகிறேன். அதைவிட அதிகப் பெருக்கம் உள்ளவற்றில் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும்; பார்வைப் பரப்பும் குறுகும். குறிப்பேட்டில் நேரம், காற்றின் திசை, வெளிச்சம், பறவை செய்த செயல், அதற்கு உடனடியாக முன்பு அது செய்தது ஆகியவற்றை எழுதுகிறேன். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது. முன் நடந்ததை எழுத வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால்தான் கண் அதைத் தேடத் தொடங்கும்.

இதற்குக் குளியலைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. மேய்ச்சல் முடிந்த மல்லார்ட் ஓரளவு திறந்த நீருக்கு நீந்திப் போய், தலையை நீருக்குள் விட்டு விரைவாக உயர்த்துகிறது. நீர் கழுத்தின் வழியே முதுகில் உருண்டோடுகிறது. இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. பிறகு பாதி விரிந்த சிறகுகளால் நீரைப் பலமாக அடிக்கிறது. சில சமயம் ஒரு குட்டிக்கரணமும் அடித்து எழுகிறது. இந்த அமளி ஒரு கட்டத்தில் ஓய்கிறது. வாலை வலமும் இடமும் சில முறை உதறுகிறது. கழுத்து நீள்கிறது. மார்பு நீரிலிருந்து மேலெழுகிறது. அடுத்த நொடி, ஏறத்தாழ நிமிர்ந்து நின்று இரு சிறகுகளையும் முழுவதும் விரித்துச் சில முறை அடித்துவிட்டு மீண்டும் நீரில் அமர்கிறது. வாத்துப் படங்களில் பெரும்பாலோர் விரும்புவது இந்தச் சிறகு விரிப்பைத்தான். அதற்கான முன்னறிவிப்பு, குளியலின் அமளி ஓய்ந்ததும் வரும் வால் உதறல். அதைக் கண்டவுடன் குவியத்தைக் கண்ணில் நிறுத்தி, சிறகு முழுவதும் அடங்கும் அளவுக்கு ஜூமைப் பின்னுக்கு இழுத்துத் தொடர் எடுப்பைத் தொடங்கிவிடுகிறேன். சிறகு விரிந்தால் பறவையின் அகலம் ஏறக்குறைய இருமடங்கு ஆகிவிடுவதால், மிதக்கும் பறவை சட்டகத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதபடி வைத்துக்கொள்வது நல்லது.

குளியலுக்குப் பின் இறகு கோதல் தொடங்கும். வால் தொடங்கும் இடத்தில், மேற்புறத்தில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியில் அலகையும் தலையின் பின்பக்கத்தையும் தேய்த்து, அந்த எண்ணெயை உடலெங்கும் தடவுகிறது. தலையை முதுகில் உருட்டுவது ஏதோ சொறிந்துகொள்வதாகத் தோன்றினாலும், அலகுக்கு எட்டாத தலைக்கும் கழுத்துக்கும் எண்ணெய் சேர்க்கும் வேலை அது. இந்தக் கட்டத்தில் வாத்து ஒரே இடத்தில் நெடுநேரம் இருக்கும். ஒரு பக்கச் சிறகைக் காலோடு சேர்த்துப் பின்னோக்கி நீட்டிச் சோம்பல் முறிக்கும். பொறுமையாக இறகு நுணுக்கங்களை எடுக்க உகந்த நேரம் இதுவே. ஆண் ஊசிவால் வாத்தின் விலாவில் ஓடும் மிக நுண்ணிய சாம்பல் வரிகளைக் குவியத்தின் கூர்மைக்கான சோதனையாக வைத்திருக்கிறேன். அந்த வரிகள் தனித்தனியாகத் தெரிந்தால் படம் தேறியது. ஒரே சாம்பல் பூச்சாகத் தெரிந்தால் குவியம் பிசகியிருக்கிறது, அல்லது ஷட்டர் வேகம் போதவில்லை.

பறந்தெழுவதற்கு முன்னும் அறிகுறிகள் உண்டு. மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் ஒன்றுசேர்கிறது, கழுத்துகள் நிமிர்கின்றன, தலையை வெடுக்கென்று மேல்நோக்கி அசைப்பதும் பக்கவாட்டில் உதறுவதும் அடுக்கடுக்காக வருகின்றன, எல்லாம் காற்று வரும் திசையை நோக்கித் திரும்பிக்கொள்கின்றன. இந்த அசைவுகள் ஒரு பறவையிடமிருந்து மற்றொன்றுக்குப் பரவி, விரைவடைந்துகொண்டே போனால் கூட்டம் எழும்பப்போகிறது என்று பொருள்.

காற்றைப் பற்றிச் சொன்னதால் நிற்கும் இடத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாத்துகள் எழும்புவதும் இறங்குவதும் காற்றை எதிர்கொண்டே நடக்கின்றன. காற்று என் முதுகுப் பக்கமிருந்து குளத்தை நோக்கி வீசினால், இறங்கும் பறவை என்னை நோக்கியே வரும். எழும்பும் பறவையும் என் பக்கம் முகம் காட்டியே எழும்பும். காற்று எதிர்ப்புறத்திலிருந்து வந்தால் வால்களைத்தான் எடுக்க முடியும். வெயிலும் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்பது அடுத்த தேவை. காலை வேளையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை என்பது பொதுவான தொடக்கம். காற்றும் அதற்கு இசைந்த நாளில் நான் இடத்தை விட்டு அசைவதில்லை. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், பறக்கும் படங்களுக்குக் காற்றையும், நிறத்திற்கு வெயிலையும் தேர்ந்தெடுக்கிறேன்.

வாத்தின் நிறம் வெளிச்சத்தின் கோணத்தைச் சார்ந்தது என்பதை ஆண் மல்லார்டின் தலையைக் கொண்டே அறியலாம். அந்தப் பச்சை சாயப்பொருளால் மட்டும் உண்டானதன்று. இறகின் நுண்ணடுக்குகளில் ஒளி சிதறிக் குறுக்கிடுவதால் தோன்றுவது. அதனால்தான் ஒரே பறவை தலையைத் திருப்பத் திருப்பப் பச்சையாகவும், நீலமாகவும், கருஞ்சிவப்பு நீலமாகவும், கோணம் முற்றிலும் தவறினால் வெறும் கறுப்பாகவும் தெரிகிறது. சிறகின் பின்விளிம்பில் உள்ள மின்னும் பட்டைக்கும் இதே இயல்பு. எனவே தலை கறுப்பாக வந்த படத்தைக் கணினியில் பச்சையாக்க முயல்வதில் பயனில்லை. வெயில் பின்னால் இருக்கும்படி அமர்ந்து, பறவை தலையைச் சற்றே என் பக்கம் திருப்பும் கணத்திற்குக் காத்திருப்பதுதான் வழி. மெல்லிய மேகம் படர்ந்த நாளில் இறகின் மினுமினுப்பு குறையும். ஆனால் பெண் வாத்தின் பழுப்பு இறகுகளின் ஓரக்கோடுகள் அன்றுதான் மிக அழகாகப் பதியும். பெண் வாத்துகளைப் பலர் எடுப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம் தருவது. ஒவ்வோர் இறகிலும் அடர்பழுப்பு நடுவும் வெளிர் விளிம்பும் கொண்ட அந்த அமைப்பு, ஆணின் ஒற்றைப் பச்சையைவிட நுட்பமானது.

இடத்திற்கு அடுத்தபடியாக உயரம். நின்றபடி எடுத்த படத்திற்கும் தரையோடு படுத்து எடுத்த படத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கேமரா நீர்மட்டத்திலிருந்து 1.5 மீட்டர் உயரத்திலும், வாத்து 6 மீட்டர் தொலைவிலும், அதன் தலை நீரிலிருந்து 20 செ.மீ. உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். கேமராவிலிருந்து தலையின் வழியே செல்லும் கோடு, வாத்துக்குப் பின்னால் ஒரு மீட்டருக்குள்ளேயே நீரைத் தொட்டுவிடும். அந்த அருகிலுள்ள நீர்தான் பின்னணி. அதன் அலைகளும் மிதக்கும் குப்பைகளும் பாதி தெளிவோடு படத்தில் வந்து நிற்கும். கேமராவை 25 செ.மீ. உயரத்திற்கு இறக்கினால் அதே கோடு வாத்தைத் தாண்டி இருபது மீட்டருக்கும் மேல் சென்றுதான் நீரைத் தொடும். பின்னணி அவ்வளவு தூரம் விலகிப்போவதால் தானாகவே மென்மையாகிவிடுகிறது. லென்ஸின் துளையை அகலமாக்கிப் பெறும் மென்மையைவிட இது அதிகம், செலவும் இல்லை. பூங்காக் குளங்களின் கரை பல இடங்களில் கட்டி உயர்த்தப்பட்டிருப்பதால், நீரை நோக்கிச் சரிந்து இறங்கும் பகுதி எங்கே இருக்கிறது என்று முதலில் தேடிக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த உயரத்தில் முக்காலி பயன்படாது. கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் படுத்திருக்கவும் முடியாது. அதற்காகக் கேமராவைத் தரையோடு தாங்கி நகர்த்தும் ஒரு தரைத்தட்டைச் செய்துகொண்டேன். கைப்பிடி கழற்றிய, விளிம்பு மேல்நோக்கி வளைந்த பழைய தட்டையான வாணலி ஒன்று. அதன் அடியின் நடுவில் பொருத்த 12 மி.மீ. கனமுள்ள ஒட்டுப்பலகை வட்டு ஒன்று. 3/8 அங்குலப் போல்ட், வாஷர், நட்டு. பழைய முக்காலியிலிருந்து கழற்றிய பால் ஹெட் (கேமராவை எந்தப் பக்கமும் சாய்த்துத் திருப்ப உதவும் உருண்டை மூட்டுத் தலை). தேவையானவை இவ்வளவே. போல்ட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். கேமராக் கருவிகளின் திருகுமரை அங்குல அளவைச் சேர்ந்தது: கேமராவின் அடியில் இருப்பது 1/4 அங்குலம், அங்குலத்திற்கு 20 மரை, பால் ஹெட்டின் அடியில் பெரும்பாலும் இருப்பது 3/8 அங்குலம், அங்குலத்திற்கு 16 மரை. 10 மி.மீ. மெட்ரிக் போல்ட் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் சற்றுப் பெரியதாகையால் உள்ளே போகாது. 6 மி.மீ. போல்ட்டோ 1/4 அங்குலத் துளையில் தளர்வாக நுழைந்து, அழுத்தித் திருகினால் மரையைக் கெடுத்துவிடும்.

பலகை வட்டின் நடுவில் போல்ட் செல்லும் துளையை இட்டு, அடிப்பக்கத்தில் போல்ட்டின் தலை முழுவதும் அமிழும் அளவுக்குக் குடைந்துகொண்டேன். போல்ட்டைக் கீழிருந்து மேலாகச் செருகி, மேலே வாஷரும் நட்டும் வைத்து இறுக்கிய பிறகு, வட்டை வாணலிக்குள் வைத்து மூன்று சிறு திருகுகளால் பிணைத்தேன். திருகு முனைகள் வெளியே நீட்டாதபடி அரத்தால் தேய்க்க வேண்டும். இல்லையென்றால் தட்டு புல்லில் வழுக்காது. நட்டுக்கு மேலே போல்ட் 9 மி.மீ. அளவுக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் பால் ஹெட்டின் அடி நட்டின்மேல் படியாமல் ஆடும். மிச்சத்தை இரும்பு ரம்பத்தால் அறுத்து, மரையின் முனையை அரத்தால் சீராக்கி, உலோகப் பகுதிகளில் துருத்தடுப்புப் பூச்சு அடித்ததோடு வேலை முடிந்தது. பால் ஹெட்டும் கேமராவும் சேர்ந்து லென்ஸின் நடு உயரம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு சாணுக்குள் அடங்குகிறது. ஈர மண்ணிலும் புல்லிலும் தட்டை ஒற்றை விரலால் தள்ளி நகர்த்தலாம். வளைந்த விளிம்பு சேற்றை உள்ளே விடுவதில்லை. கேமராவின் திரை மேல்நோக்கித் திரும்பும் வகையாக இருந்தால் கழுத்து வலிக்காமல் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

இனி கேமரா அமைப்புகள். இவை இடத்திற்கும் உயரத்திற்கும் பிறகு வருபவையே என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தூங்கும் வாத்துக்கு நொடியில் 1/250, நீந்துவதற்கு 1/800, குளியலுக்கும் சிறகு விரிப்புக்கும் 1/2000, பறப்பதற்கு 1/2500 அல்லது அதற்கு மேல் என்று ஷட்டர் வேகத்தை வைக்கிறேன். துளையையும் ஷட்டரையும் நானே நிறுத்திக்கொண்டு, ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்வு அளவை, தானியங்கியாக விட்டுவிடுகிறேன். சற்று மணல்மணலாகத் தெரியும் படத்தைப் பின்னர் சரிசெய்யலாம். அசைவினால் மங்கிய கண்ணைச் சரிசெய்ய வழியில்லை. 400 மி.மீ. லென்ஸில், எஃப் 5.6 துளையில், முழுச்சட்டகக் கேமராவில் 6 மீட்டர் தொலைவுக்குக் கூர்மையின் ஆழம் ஏழெட்டு செ.மீ. மட்டுமே. மல்லார்டின் நீளமோ 50 முதல் 65 செ.மீ. வரை. எனவே பறவை நேர் பக்கவாட்டில் இருக்கும்போது முழு உடலும் தெளிவாக வரும். என்னை நோக்கித் திரும்பியதும் கண்ணுக்கு மட்டும் உறுதி சொல்லலாம்.

வெளிச்ச அளவீட்டில் வெள்ளை இறகுகள்தான் சிக்கல். கரிய நீரில் மிதக்கும் ஆண் தட்டைவாயனின் மார்பும், ஊசிவாலின் கழுத்துக்கோடும் கேமராவின் சராசரிக் கணக்கில் வெளுத்துப்போய் இறகின் விவரமே இல்லாமல் போய்விடும். ஆகையால் மூன்றில் இரண்டு முதல் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) வரை குறைத்து எடுத்து, ஹிஸ்டோகிராம் என்னும் ஒளிப்பரவல் வரைபடத்தின் வலது ஓரம் சுவரில் முட்டாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்தால் நிழல் பகுதியைப் பின்னர் உயர்த்த முடியும். வெளுத்துப்போன வெள்ளையை மீட்க முடியாது. நண்பகலில் எடுக்காமல் விடுவதற்கு வெளிச்சத்தின் கடுமை மட்டும் காரணமன்று. சூடேறிய கரைக்கும் குளிர்ந்த நீருக்கும் மேலே காற்று கலங்கி அலைவதால், தொலைவிலுள்ள பறவை எந்த லென்ஸிலும் மங்கலாகவே பதியும். அந்தக் கலக்கத்தைக் குவியப் பிழை என்று எண்ணிக் கருவியைப் பழுது பார்க்கக் கொடுத்தவர்களும் உண்டு.

தேர்ந்தெடுக்கும்போது கண்ணையே முதலில் பார்க்கிறேன். வாத்துக்கு இமைகளைத் தவிர, கண்ணின் குறுக்கே படரும் மெல்லிய மூன்றாவது சவ்வும் உண்டு. தலையை நீரிலிருந்து எடுக்கும் கணத்திலும் குளியலின் நடுவிலும் அது மூடியிருப்பதால் கண் பால் படர்ந்ததுபோல் பதிந்துவிடும். தொடர் எடுப்பில் பத்துப் படங்கள் எடுத்தால் இரண்டு மூன்றில் இப்படி வருவது இயல்பே. தட்டைவாயன் அருகில் வரும்போது அலகின் ஓரத்தையும் பார்க்கத் தவறக் கூடாது. நுனியில் அகன்ற அந்த அலகின் உள்விளிம்பில் சீப்பின் பற்கள்போல் நெருங்கிய மெல்லிய தகடுகள் இருக்கின்றன. நீரை உறிஞ்சி ஓரங்களின் வழியே வெளியேற்றும்போது நுண்ணுயிர்களை அவை தடுத்து நிறுத்துகின்றன. பல தட்டைவாயன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வட்டமிட்டு நீந்துவதும் உணவுக்காகத்தான்: முன்னே போகும் பறவையின் கால்கள் கிளப்பிவிடும் நீரைப் பின்னே வருவது வடிகட்டுகிறது. அந்த வட்டத்தை மட்டும் உயரமான கரையிலிருந்து எடுக்கலாம். தாழ்ந்த கோணத்தில் அதன் வடிவம் தெரியாது.

குளிர்ந்த மாதங்களில் ஆண் மல்லார்டுகள் பெண்ணைச் சூழ்ந்து காட்டும் இணைகூடல் அசைவுகள் என் குறிப்பேட்டில் மிக அதிகப் பக்கங்களை எடுத்துக்கொண்டவை. கொன்ராட் லோரென்ஸ் 1941 இல் வெளியிட்ட ஆய்வில் இந்த அசைவுகளைப் பல வாத்தினங்களுக்கிடையே ஒப்பிட்டு, உடலுறுப்புகளை வைத்து உறவுமுறையைக் கணிப்பதுபோல் அசைவுகளை வைத்தும் கணிக்கலாம் என்று காட்டினார். விலங்கு நடத்தை ஆய்வுக்காக அவருக்கு 1973 இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆண்கள் தலையை உடலுக்குள் இழுத்து, இறகுகளைப் புடைத்து, ஒன்றையொன்று ஒட்டினாற்போல் மிதந்துகொண்டு அவ்வப்போது தலையையும் வாலையும் உதறிக்கொண்டிருந்தால் ஏதோ நடக்கப்போகிறது. திடீரென்று ஓர் ஆண் அலகின் நுனியை நீரில் அழுத்தி, உடலை மேல்நோக்கி வளைத்து, அலகைப் பக்கவாட்டில் சுண்டி இழுக்கிறது. சிறு நீர்த்துளிகள் வில்லாக வளைந்து பெண்ணின் பக்கம் பறக்கின்றன. உடனே ஒரு மெல்லிய சீழ்க்கையும் அதைத் தொடர்ந்து தாழ்ந்த உறுமலும் கேட்கின்றன. முழுச் செயலும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுவதால், பார்த்துவிட்டு அழுத்துவதற்கு நேரமில்லை. நான் கையாளும் முறை இது: கூட்டத்தில் அடிக்கடி உதறிக்கொள்ளும் ஆண் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் கண்ணில் குவியத்தை விடாமல் நிறுத்தி, உதறல்களுக்கு இடையேயான இடைவெளி குறையத் தொடங்கியதும் 1/2000 வேகத்தில் தொடர் எடுப்பைத் தொடங்குவது. வெயில் சற்றே பக்கவாட்டில் இருந்தால் அந்த நீர்த்துளி வில் ஒளிர்ந்து தெரியும். கிளுவைகளிடமும் இதே அசைவைக் காணலாம். உருவம் சிறியதாகையால் இன்னும் விரைவாக முடிகிறது.

நெருங்கும் முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மல்லார்டின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலே சுற்றிலும், தலைக்கு மேலேயும் பார்க்கிறது. பின்னாலிருந்து பதுங்கி வருவது என்பதே வாத்திடம் செல்லாது. தூங்கும் வாத்துக்கூட்டமும் முழுவதும் தூங்குவதில்லை. 1999 இல் வெளியான ஓர் ஆய்வு, வரிசையின் ஓரத்தில் உறங்கும் மல்லார்டுகள் வெளிப்பக்கக் கண்ணைத் திறந்துவைத்து மூளையின் ஒரு பாதியை மட்டும் உறங்கவிடுகின்றன என்று காட்டியது. கரையில் வரிசையாக உறங்குபவற்றை எடுக்கும்போது ஓரத்துப் பறவையின் கண் இமைப்பதைப் பைனாகுலரிலேயே காணலாம். ஆகவே நான் நெருங்குவதில்லை. அவை வழக்கமாக வரும் இடத்தில் முன்கூட்டியே அமர்ந்து, அசையாமல் இருந்து, அவை என்னிடம் வரும்படி விட்டுவிடுகிறேன். மேய்ச்சலை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்தினால் அதுவே எல்லை. அதற்கு மேல் ஓர் அடி வைத்தாலும் படமும் போகும், பறவையின் நிம்மதியும் போகும்.

ரொட்டி போட்டு வாத்துகளை அருகில் வரவழைக்கும் பழக்கத்தை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். அதில் பறவைக்கு வேண்டிய சத்து இல்லை. உண்ணாமல் மிஞ்சியது நீரில் அழுகிப் பாசியைப் பெருக்குகிறது. ஒரே இடத்தில் அளவுக்கு மீறிக் கூடும் பறவைகளிடையே சண்டையும் நோயும் பரவுகின்றன. படத்தின் நோக்கிலும் அது கேடுதான். உணவுக்கு முண்டியடிக்கும் வாத்து தன் இயல்பான செயல் எதையும் செய்வதில்லை. குஞ்சுகளோடு வரும் தாயிடம் இன்னும் கூடுதல் இடைவெளி விடுகிறேன். பொரித்த ஒரு நாளுக்குள்ளாகவே குஞ்சுகள் தாயின் பின்னால் நீருக்கு வந்துவிடுகின்றன; தாய் மிரண்டு விலகினால் அவை சிதறி, குளிரிலும் எதிரிகளிடமும் சிக்கிவிடும்.

இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் மல்லார்டுகள் குளத்திலிருந்து காணாமல் போனதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அவை பச்சைத் தலையை உதிர்த்துப் பெண்ணின் பழுப்பு நிறத்திற்கு மாறி, அங்கேயே புதர்களின் ஓரம் ஒதுங்கி இருக்கின்றன. அலகைப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: ஆணுக்கு மஞ்சள் கலந்த பச்சை மாறாமல் இருக்கும், பெண்ணுக்கு ஆரஞ்சு நிறத்தின்மேல் கரிய திட்டு. குரலும் துணைசெய்யும், உரக்கக் கேட்கும் குவாக் ஒலி பெண்ணுடையது, ஆணின் குரல் கரகரத்துத் தாழ்ந்தது. இந்த உதிர்ப்பில் பறப்பதற்கான சிறகு இறகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் விழுந்துவிடுவதால் மூன்று நான்கு வாரங்களுக்கு அவற்றால் பறக்கவே முடியாது. பறக்க முடியாத பறவையை நீரின் நடுவிற்குத் துரத்துவது அதற்கு வீண் சக்திச் செலவு என்பதால், இந்தக் காலத்தில் எதிர்க்கரையிலிருந்து மட்டுமே படமெடுக்கிறேன்.

எடுத்த படங்களை நாள், நேரம், செயல், இனம், பால் ஆகிய குறிப்புகளோடு கோப்புறைகளில் சேர்க்கிறேன். அழகாக வராத படங்களிலும் வேலை இருக்கிறது. காலில் ஆய்வாளர்கள் இட்ட வளையம் தெரிந்தால், பல கோணங்களில் எடுத்த படங்களைப் பெரிதாக்கி எழுத்துகளைச் சேர்த்துப் படித்து, வளையத் திட்டத்தாருக்கு இடத்தையும் நாளையும் அனுப்பலாம். ஒவ்வொரு வருகையிலும் கண்ட இனங்களையும் எண்ணிக்கையையும் 2002 இல் தொடங்கப்பட்ட, பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் இணையதளத்தில் பதிவேற்றுகிறேன். ஐயமான பறவைக்குப் படம் இணைத்தால் சரிபார்ப்பவருக்கும் எளிது. இப்போது தொடங்கியிருப்பது சிறகு உதிர்ப்பின் வளர்ச்சிப் பதிவு: ஒரே லென்ஸ், ஒரே கரை, ஒரே தொலைவு என்று வைத்துக்கொண்டு, சோம்பல் முறிக்கும்போது விரியும் சிறகை வாரந்தோறும் எடுத்து, புது இறகுகள் உறையிலிருந்து வெளிவந்து வாலின் அடியைத் தொடும் வரை வரிசைப்படுத்துகிறேன். உறை இன்னும் நீலச் சாம்பலாகத் தெரியும் கட்டம் வரை வந்திருக்கிறது.